கனீஸ் பாத்திமாவின் மூக்கு

எங்கள் சமையற்கூடத்தில் கனீஸ் பாத்திமா மோந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் தீக்குச்சி உரச மாட்டார்கள். பல வருஷப் பழக்கம் அது. அதை நம்பித்தான் தினமும் என் உயிரை அந்தக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அடுப்பு பற்றவைக்கிற சக்கரபாணியும் வைத்தான். முதலாளி தல்ஹாவும் வைத்தான். ஒரு நாள் காலையில் அவள் சரி என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு உரசிய குச்சி பற்றியிருந்தால், இதை வாய் திறந்து சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், கட்டியது. அதன் பின்கட்டைத் தல்ஹாவின் அப்பா வாங்கி, தகரக் கூரை போட்டு, சமையற்கூடம் ஆக்கினார். சந்துப் பக்கம் ஷட்டர் வாசல். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிரியாணி போகும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி போகும். முன்பு விறகு, பிறகு காஸ். சுவரோரமாக சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து ரப்பர் குழாய்கள் தரையோடு தரையாகப் போய்ப் பெரிய அடுப்புகளில் சேரும்.

நான் அங்கே வெங்காயம் உரிக்கிறவள். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். எல்லாருக்கும் நான் ஆயா. பாத்திமா மட்டும், செல்வாம்பாள் என்ற என் பேரைச் சுருக்கி, செல்வாக்கா என்பாள்.

அவள்தான் தலைமைச் சமையல்காரி. ஒடிசலான உடம்பு. முகத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த நீண்ட மூக்குதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நாங்கள் சந்தில் நின்றுகொள்வோம். அவள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். ஒவ்வொரு சிலிண்டரிடமும் குனிவாள், ஏதோ ரகசியம் கேட்கிறவள் மாதிரி. பிறகு வெளியே வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பிஸ்மில்லா, பத்த வையுங்க" என்பாள். சக்கரபாணி நுனியில் துணி சுற்றிய நீளக் கம்பியை எண்ணெயில் தோய்த்து வாசலிலேயே பற்றவைத்து, எரிய எரிய உள்ளே கொண்டுபோவான். அந்த அடுப்புகளைக் கிட்டே போய்க் கையால் பற்றவைத்தால் கை ரோமம் மிஞ்சாது.

அந்த மூக்கு அவள் அப்பா கொடுத்தது. அவர் அத்தர் வியாபாரி. தோளில் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு காரைக்கால் வரைக்கும் போய் வருவார். சின்ன வயதில் பாத்திமா கண்ணைக் கட்டிக்கொண்டு, குப்பி குப்பியாக மோந்து பேர் சொல்வாளாம். தெருப் பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். ஒரு தையற்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் போய்ச் சேர்ந்ததும், ஃபரீஹா என்ற கைக்குழந்தையோடு எங்கள் கூடத்துக்குப் பாத்திரம் கழுவ வந்தாள்.

அப்போது ஒரு நோன்பு மாதம். பழைய சமையல்காரர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். கஞ்சி கொதிக்கிறது. நோன்பு பிடித்திருப்பவர்கள் நாக்கில் வைக்கத் தயங்கி ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எழுந்து வந்து ஆவிக்கு முகத்தைக் காட்டினாள். "உப்பு ஒரு கை கம்மி. வெந்தயம் கொஞ்சம் தூக்கல்" என்றாள். அன்று மாலை பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தது, கஞ்சி போட்டது யார் என்று கேட்டு. அன்றைக்கு அவள் கைக்கு வந்த கரண்டி பிறகு இறங்கவேயில்லை. நோன்பில்லாத மாதத்திலும் அவள் நாக்கில் வைத்துப் பார்த்து நாங்கள் கண்டதில்லை. ஆவியில் முகத்தைக் காட்டுவாள், சொல்வாள், சரியாக இருக்கும். பிரியாணித் தேக்சாவை மோப்பம் பிடிக்கிற மூக்கு சிலிண்டரையும் பார்க்கட்டும் என்று தல்ஹாவின் அப்பா சொன்னதுதான் இந்தக் காலைப் பழக்கத்துக்கு ஆரம்பம்.

கொரோனாக் காலத்தில் அவள் படுத்தாள். கூடமும் மூடிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது பாதி உடம்பாக வந்தாள். அதற்குப் பிறகு அவள் அடிக்கடி நோன்பு பிடிக்க ஆரம்பித்தாள். நோன்பு மாதமே இல்லை, ஆனாலும் பல நாள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. கேட்டால், "விட்டுப்போன நோன்பு நெறைய பாக்கி இருக்கு செல்வாக்கா" என்பாள். இன்னொன்றும் புதிதாக வந்தது. எந்தத் தேக்சாவின் மூடியைத் திறந்தாலும் முதல் கரண்டி என் உள்ளங்கைக்கு வரும்.

"உப்பு சொல்லு. மசாலா பச்ச வாட போச்சா, அதையும் சொல்லு."

"உன் மூக்குக்குத் தெரியாதது என் நாக்குக்கு இன்னாடி தெரியப் போவுது?"

"சொல்லேன். நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

நான் பூரித்துப் போவேன். என் மருமகள்கூட எனக்கு முதல் கரண்டி தந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தல்ஹா ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான். "ஒரு கம்பெனி கேண்டீனுக்கு நாம சாப்பாடு குடுக்கப் போறோம். ஆனா அவங்க ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. நாம எல்லாரும் தீயணைக்கற டிரெய்னிங் எடுக்கணுமாம். காஸ் கசிஞ்சா கத்தற மெஷின் ஒண்ணு மாட்டணுமாம்."

"மெஷின் எதுக்கு பாய்?" என்றான் சக்கரபாணி. "நம்ம பாத்திமாக்காவ செவுத்துல மாட்டிடலாம்."

எல்லாரும் சிரித்தோம். பாத்திமாவும் சிரித்தாள். "மாட்றதுன்னா ஃபேனுக்குக் கீழ மாட்டுடா. வேர்க்குது" என்றாள்.

நான் மட்டும் முரண்டு பிடித்தேன். "அடுப்புகிட்டயே கெடந்து தல நரைச்சவ நான். எனக்கு எவ வந்து நெருப்பு பாடம் சொல்றது? வெங்காயம் யாரு உரிப்பா?"

"ஆயா, நீ உரிச்சுக்கிட்டே கேளு. ஆனா வந்து உக்காரணும்" என்றான் தல்ஹா.

அந்த நாள் விடியும்போதே மழை. தகரக் கூரையில் படபடவென்று கொட்டியது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. ஷட்டரைத் தூக்கினோம். பாத்திமா வழக்கம்போல உள்ளே போனாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள். மழை விடுவதற்கு முன்பே வெளியே வந்து, "பிஸ்மில்லா, பத்த வையுங்க" என்றாள்.

சக்கரபாணி கம்பியை எண்ணெயில் தோய்த்து வாசலில் நின்றான். தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சியை உரசினான். மழை ஈரத்தில் நமத்துப் போயிருந்தது. மருந்து மட்டும் கரகரவென்று உதிர்ந்தது. "சனியன்" என்று அதை எறிந்துவிட்டு அடுத்த குச்சியை எடுக்கும்போது, சந்துக்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதில் ஒரு பெண். காலில் பூட்ஸ், தலையில் மஞ்சள் தொப்பி. பயிற்சி கொடுக்க வந்த அறிவுமதி.

"அடுப்பு அப்பறம் பத்த வெக்கலாம். மேடம் சீக்கிரமே வந்துட்டாங்க, மொதல்ல கிளாஸ்" என்றான் தல்ஹா. சக்கரபாணி முணுமுணுத்துக்கொண்டே தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டான்.

அந்த நமத்துப்போன குச்சியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சந்தின் எதிர்ப்புறம் ஒரு காலி மனை. மழை விட்டிருந்தது. அங்கேதான் வகுப்பு. நான் முறத்தையும் வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அந்தப் பெண் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காய்ச்சி அதில் தீ பிடிக்க விட்டாள். எங்களையெல்லாம் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினாள்.

"எண்ணெய்ச் சட்டி தீப்புடிச்சா என்ன செய்வீங்க?"

"தண்ணி ஊத்துவோம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் திரும்பாமலே சொன்னேன்.

அவள் ஒரு நீளக் கழியின் நுனியில் டம்ளரைக் கட்டியிருந்தாள். தூரத்தில் நின்றபடி அதிலிருந்த தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தாள். என் முதுகில் சூடு அறைந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைச் சுவருக்கு மேலே, முருங்கை மரத்தின் கிளை வரைக்கும் நெருப்பு எழுந்து நின்றது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு! என் கையிலிருந்த வெங்காயம் எங்கே உருண்டது என்று தெரியவில்லை.

எங்கள் வடைச் சட்டிக்குப் பக்கத்தில், தீப்பிடித்தால் ஊற்றுவதற்கென்றே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மூடி போடணும். இல்லன்னா நல்லாப் பிழிஞ்ச ஈரத் துணியால மெதுவா மூடணும். அடுப்ப அணைக்கணும். சட்டியத் தூக்கிட்டு ஓடக் கூடாது" என்றாள் அறிவுமதி. மறுபடி பற்றவைத்து மூடியால் மூடிக் காட்டினாள். பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி நெருப்பு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் அவளுக்கு முகத்தைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.

தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரை எல்லார் கையிலும் கொடுத்தாள். ஊக்கைப் பிடுங்கு, நெருப்பின் அடியைப் பார்த்துக் குறி வை, அழுத்து, பெருக்குவது மாதிரி இப்படியும் அப்படியும் வீசு என்றாள். சக்கரபாணி வீரன் மாதிரி தூக்கி நெருப்பின் தலையைப் பார்த்து அடித்தான். உள்ளேயிருந்த மாவு பறந்து அவன் மீசையில் ஒட்டியது, நெருப்பு அப்படியே எரிந்தது. நான் வாங்கினேன். பெருக்குவதுதானே, அது எனக்கு வராதா? அடியைப் பார்த்து வீசினேன். அணைந்துவிட்டது.

"ஆயாவுக்கு ஃபயர் சர்வீஸ்ல வேல போட்டுக் குடுங்க மேடம்" என்றான் சக்கரபாணி, மீசையைத் தட்டிக்கொண்டே.

"உன் மீசையில பத்திக்கிட்டா மொதல்ல வந்து அணைக்கறேன்டா" என்றேன்.

பிறகு அறிவுமதி பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே பச்சையாக ஒரு சின்ன விளக்கு. அதுதான் காஸ் கசிந்தால் கத்துகிற மெஷின்.

"இத எங்க மாட்டலாம்?" என்றாள்.

"மேல, கூரகிட்ட. காத்து மேலதான போவும்" என்றேன்.

"சமையல் காஸ் காத்த விட கனம் ஆயா. தண்ணி மாதிரி தரையில ஓடும். பள்ளத்துல தேங்கும். அதனால இத தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல மாட்டணும். இப்ப கசிவு இருந்தா நீங்க எப்படிக் கண்டுபுடிக்கறீங்க?"

எங்கள் எல்லார் கையும் பாத்திமா பக்கம் நீண்டது. அத்தர் பெட்டியிலிருந்து கஞ்சி வரைக்கும் சக்கரபாணி ஒரு மூச்சில் சொல்லி முடித்தான்.

அறிவுமதி பாத்திமாவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல விஷயந்தாம்மா. ஆனா மூக்க மட்டும் நம்பிட முடியாது. சளி புடிக்கும். வெங்காயம், மசாலா நெடியில தெரியாமப் போகும்."

"எங்கக்காவுக்கா? வெச்சுப் பாத்துடலாம் மேடம்! மூக்கா, டப்பாவா, யாரு மொதல்ல சொல்றாங்கன்னு" என்றான் சக்கரபாணி.

"வேணான்டா. நேரமாவுது, அடுப்பு பத்த வெக்கணும்" என்றாள் பாத்திமா.

"பயந்துட்டியாக்கா?"

அவள் சடாரென்று எழுந்து சந்தைத் தாண்டிக் கூடத்துக்குள் நடந்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனோம். அவள் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். அறிவுமதி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பாவை நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையோரம் இறக்கினாள்.

அது அலறியது.

பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. பல்லைக் கூச வைக்கிற மாதிரி ஒரே கத்தல்.

"பேட்டரி போச்சா?" என்று சக்கரபாணி சிரித்தான்.

அறிவுமதி சிரிக்கவில்லை. "ஸ்மெல் வருது. யாரும் சுவிட்சத் தொடாதீங்க!" என்றாள்.

தல்ஹா அதற்குள், வாடையை வெளியே தள்ளலாம் என்று, வாசலோரம் இருந்த காற்றாடி சுவிட்சுக்குக் கையை நீட்டிவிட்டான். அந்தப் பெண் எழுந்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். "அதுல ஒரு பொறி போதும்!"

நான் குள்ளம். வயசானதில் இன்னும் கூனிப்போய்விட்டேன். நிலைப்படியில் குனிந்த என் மூக்கில் அது அறைந்தது. அழுகின முட்டையும் அழுகின முட்டைக்கோசும் சேர்ந்த நாற்றம். தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது.

பாத்திமா அதற்கு நடுவில் நின்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கண்ணில் ஒரு கலக்கம் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. நான் காலையிலயே பாத்துட்டேன். ஒரு வாடையும் இல்ல" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், என் மூக்கை நான் முந்தானையால் பொத்தியிருப்பதைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது.

"அம்மா, வெளிய வாங்க!" என்று அறிவுமதி கத்தினாள்.

"திருகு என் பக்கத்துலதான் இருக்கு" என்றாள் பாத்திமா. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சிலிண்டர் சிலிண்டராகப் போய்த் தலையிலிருந்த திருகை மூடினாள். பின்கதவைத் திறந்துவிட்டு, வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

எல்லாரையும் காலி மனைக்கே ஓட்டினாள் அறிவுமதி. போன்களை அணைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களை அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நாங்கள் நின்றோம். சக்கரபாணி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தான். அதைக் காலடியில் இருந்த சேற்றில் போட்டு மிதித்தான்.

"மாமி, காலையில பாத்தீங்கல்ல?" என்றான் தல்ஹா.

பாத்திமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு வாசன தெரியாது தல்ஹா. கொரோனா வந்ததுலேர்ந்து ஒண்ணும் தெரியாது. சாம்பிராணி தெரியாது. ஃபரீஹா தலையில வெச்ச மல்லி தெரியாது. சோறு கருகினாத் தெரியாது."

சந்தில் போன சைக்கிள்காரன் மணி அடித்தான். அது ஏதோ வேறு ஊரில் அடிக்கிற மாதிரி கேட்டது.

"இத்தன வருஷமா?" என்றான் சக்கரபாணி. "நீ சொன்னன்னுதான நெருப்பக் கையில வெச்சுக்கிட்டு தெனம் உள்ள போனேன்? என் புள்ளைங்க அநாதையாப் போயிருக்குமே! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

பாத்திமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். செருப்பு கூடத்து வாசலிலேயே கிடந்தது.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட நாக்கு எழவில்லை. அந்த நாக்கு. அதை நினைத்தபோதுதான் இன்னொரு இடி இறங்கியது. முதல் கரண்டி எதற்கு எனக்கு வந்தது என்று அப்போது புரிந்தது. பாசத்தில் தருகிறாள் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் நாக்கு தேவைப்பட்டிருக்கிறது!

காஸ் கலைந்து டப்பா கத்துவதை நிறுத்தியதும் அறிவுமதி உள்ளே போனாள். சோப்பு நுரையைக் குழாய் முழுக்கத் தடவினாள். திருகைக் கொஞ்சமாகத் திறந்ததும் ஒரு இடத்தில், தரையைத் தொட்ட அடிப்பக்கத்தில், நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. எலி கடித்த தடம்.

"ராத்திரி போகும்போது சிலிண்டர் திருக யார் மூடறது?" என்று கேட்டாள்.

சக்கரபாணிதான் சொன்னான். "அடுப்பு திருகத்தான் மூடுவேன் மேடம். சிலிண்டர் திருக மூடறதில்ல. காலையில திரும்பத் தெறக்கணுமேன்னு. அதான் அக்கா மோந்து பாக்கறாங்களேன்னு..."

திருகை மூடியிருந்தால் எலி கடித்தாலும் விடிய விடியக் கசிந்திருக்காது என்பதை அந்தப் பெண் சொல்லாமலே அவன் விளங்கிக்கொண்டான். மதியம் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

நான் பாத்திமாவின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனேன். வயிற்றில் அத்தனை கோபம். அவள் வீடு ஒரு சின்ன அறை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து தண்ணீர் மொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை.

"என் நாக்க வெச்சுத்தான் பேர் வாங்கினியா?" என்றேன்.

"ஆமா செல்வாக்கா."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டால் எங்கே சண்டை போடுவது?

"அந்த நோன்பும் பொய்யா? விட்டுப்போன பாக்கின்னியே?"

"இல்ல!" என்றாள் வேகமாக. முதல் தடவையாக அவள் கண்ணில் நீர் வந்தது. "நோன்பு பொய் இல்ல. நீயே பாரேன்னு யாராவது கரண்டிய நீட்டினா, நோன்புன்னு சொல்லித் தப்பிச்சுக்கணும். நோன்பு இல்லாம நோன்புன்னு சொன்னா பாவம். அதனால நெஜமாவே புடிச்சேன்."

நான் அவள் உடம்பைப் பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு அவள் ஏன் தேறவில்லை என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது என்று ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள், ஒரு பெரிய பொய்யைக் காப்பாற்ற. இதைத் திட்டுவதா, அழுவதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப காலையில சிலிண்டர்கிட்ட குனிஞ்சு இன்னாடி பண்ண?"

"காது வெச்சுக் கேப்பேன். கசிஞ்சா புஸ்ஸுன்னு சத்தம் வரும். ஒவ்வொண்ணா கேப்பேன். இன்னைக்குத் தகரத்துல மழை..." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். "மழைன்னு தெரிஞ்சும் சரின்னு சொல்லிட்டேன் செல்வாக்கா. சந்தேகமா இருக்குன்னு சொன்னா, மூக்கு இருக்க எதுக்கு சந்தேகம்னு கேப்பாங்களே. சக்கரபாணி கேட்டது சரிதான். மூக்கில்லாத சமையக்காரிய யாரு வெச்சுப்பா? ஃபரீஹாவுக்கு நர்சிங் முடிய இன்னும் நாள் இருக்கு. அதான் வாய மூடிக்கிட்டேன்."

மழைக்காகக் கூடச் சந்தேகம் சொல்லவில்லை! அவளை ஓங்கி ஒரு அறை விட்டேன், முதுகில். பிறகு அந்த முதுகையே தடவிக் கொடுத்தேன்.

"நாளைக்கு வா" என்றேன்.

"மாட்டேன்."

"நீ வரேன்னு சொல்லாம நான் இந்தக் கட்டில விட்டு எழுந்திருக்க மாட்டேன். என் பஸ்ஸு போனா போவட்டும்."

அவளும் பிடிவாதக்காரிதான். நான் அதைவிட. கடைசியில், ஃபரீஹா காலேஜிலிருந்து வரும் நேரம் ஆகிவிட்டது, மகளுக்கு முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று, வருகிறேன் என்றாள்.

மறுநாள் அவள் வந்தபோது டப்பா சுவரில் ஏறியிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். புதுக் குழாய்கள். வடைச் சட்டிக்குப் பக்கத்தில் வாளி இல்லை. அதன் இடத்தில் ஒரு பெரிய தகர மூடி தொங்கியது. பாத்திமா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

தல்ஹா வாசலுக்கு வந்து, "மோந்து பாக்கற வேல இனிமே உங்களுக்கு இல்ல மாமி. சமையல் உங்களுது. ருசி ஆயாவோடது, எல்லாருக்கும் தெரிஞ்சே இருக்கட்டும். ஆனா நான் முடிவு பண்ணாப் போதாது. பத்த வெக்கறவன் சொல்லணும்" என்றான்.

எல்லாரும் சக்கரபாணியைப் பார்த்தோம். அவன் சொன்னால் அவள் இருப்பாள், சொல்லாவிட்டால் போவாள். அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கம்முனு இரு ஆயா" என்று அடக்கிவிட்டான்.

அவன் கூடத்துக்குள் போனான். சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் தரையோரம் குனிந்து தானே மோந்து பார்த்தான். டப்பாவின் பொத்தானை அழுத்தினான். அது ஒரு தடவை கத்தி அடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. ராத்திரி அவனே மூடிய திருகுகளில் ஒன்றைத் திறந்தான். பிறகு கம்பியைத் தோய்த்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"அக்கா, இத்தன நாளும் நான் நெருப்போட உள்ள போனேன், நீ சரின்னு சொல்லிட்டு வெளிய நின்ன. இனிமே நான் பத்த வெக்கறப்போ நீ என் பக்கத்துல வந்து நிக்கணும். தெனமும். முடியுமா?"

பாத்திமா செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். பிஸ்மில்லா என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

"நானும் திருக மூடாம விட்டவன்தான்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

வாசலில் நின்று குச்சியை உரசினான். இது நமத்துப்போகாத குச்சி. துணி பற்றியது. அவன் எரிகிற கம்பியோடு உள்ளே நடந்தான். என்னால் அந்த நெருப்பைப் பார்க்க முடியவில்லை. தரையோரம் இருந்த பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பு குப்பென்று பிடித்த சத்தத்தில் நான் வாசல் நிலையைக் கட்டிக்கொண்டுவிட்டேன்.

நீலமாக, அடக்கமாக எரிந்தது. பாத்திமாவும் சக்கரபாணியும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று கம்பெனிக்குக் குஸ்கா. கொஞ்ச நேரத்தில் தேக்சாவின் மூடி திறந்தது. பாத்திமா ஆவிக்கு முகத்தைக் காட்டவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இத்தனை வருஷமாக என் காதோடு ரகசியமாகக் கேட்டதை, சத்தமாகவே கேட்டாள்.

"செல்வாக்கா! நாக்க எடுத்துக்கிட்டு வா!"

போனேன். உள்ளங்கையை நீட்டினேன். அவள் வைத்த சோற்றில் பாதி தரையில் சிந்தியது. மீதியை வாயில் போட்டேன்.

"உப்பு?" என்றாள்.

"இருடி" என்றேன். "எனக்கே இன்னும் உசுரு வரல. வந்தப்பறம் சொல்றேன்."